ஆண் வாரிசு: இல்லை

1984-ல் கரிசல்காட்டுத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதலில் கொடுத்த வேலை, முதியோர் உதவித்தொகை (ஓ.ஏ.பி.) மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றுவது. பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கும் கிழவிகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த காகிதத்தை எடுப்பார்கள். காகிதத்தில் வெற்றிலை வாசம் அடிக்கும். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்து ஊருக்கு ஊர் மாறும். ஒரு வரி மட்டும் எல்லா மனுவிலும் ஒன்றுபோல இருக்கும். ஆண் வாரிசு: இல்லை.

மனுவின் உயிர் அந்த வரிதான். நான் பிறந்த 1962-ல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் தொகை இரண்டு இலக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. ஆதரவற்ற முதியவருக்குத்தான் பணம். ஆதரவற்றவர் என்றால் வருமானம் இருக்கக் கூடாது, சொத்து இருக்கக் கூடாது, வளர்ந்த மகனோ மகன் வயிற்றுப் பேரனோ இருக்கக் கூடாது. மகள் இருந்தால் பாதகமில்லை. மகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு கிழவியை நான் இன்னும் மறக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனிகள் கண்ணாடிபோல வழவழத்துப் போனவள். "யாரு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். "ஒருத்தருமில்ல தாயி." ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதே மூக்கு, அதே தாடை. "அவரு யாரு?" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரோ ஊர்க்காரப் பய. வர்ற வழில ஏத்திட்டு வந்தான்."

நான் "இல்லை" என்று எழுதினேன். மை அட்டையில் இடது பெருவிரலை ஒற்றி வைத்தாள். வெளியே போனதும் அவன் தோளில் கிடந்த துண்டை உதறி மடித்து, கேரியர் கம்பி குத்தாமல் விரித்து, அவளைத் தூக்கி உட்கார வைத்தான். கால் சக்கரத்தில் சிக்காமல் சேலையை ஒதுக்கிவிட்டான். மகனைப் பெற்ற ஒருத்தி, அவன் பத்தடி தூரத்தில் நிற்கும்போது, அவன் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கூலிக்காரனான அவனால் இரண்டு வயிற்றுக்கு மேல் நிரப்ப முடியாது என்பதைத் தவிர அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பணத்தை வாங்க அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

விசாரணைக்குப் போகும் வருவாய் ஆய்வாளருக்கும் தெரியும், கணக்கப்பிள்ளை என்றே ஊர் இன்னும் அழைத்துக்கொண்டிருந்த கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். சிலர் கண்டும் காணாமல் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் "மகன் உள்ளார்" என்று எழுத, மனு தள்ளுபடி ஆகும். கிழவிகள் தள்ளுபடி ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடமே வந்து கேட்பார்கள். "உங்களுக்கு மகன் இருக்கார்னு போட்டிருக்கு பாட்டி" என்று வாசித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு நற்செய்தியைத் தண்டனையாக வாசித்துக் காட்டுகிற அந்த வேலை எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

பணம் மணியார்டரில் போகும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்து, விரல் ரேகை வாங்கி, அவர்கள் கேட்டால் மகள் எழுதிய கடிதத்தையும் வாசித்துக் காட்டுவார். யாராவது இறந்துபோனால் எங்கள் ஆபீசுக்குத் தெரிவது திரும்பி வரும் மணியார்டர் படிவத்தின் மூலம்தான். மூலையில் பேனாவால் ஒரே ஒரு சொல் இருக்கும். பதிவேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பதும் என் வேலை. தீப்பெட்டி ஆபீஸ் கிழவியின் பெயரை நான்தான் அடித்தேன்.

அப்போது எங்கள் வீட்டில் அப்பத்தா இருந்தாள். அப்பத்தாவுக்கு மூன்று மகன்கள். அமாவாசைக்கு அமாவாசை முறை மாறும். ஒரு ஓலைப்பெட்டி, ஒரு ஈயச் செம்பு, சுருட்டிய பாய் ஆகியவற்றோடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அவள் நடப்பாள். முறை முடிகிற அன்று காலையிலேயே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரார் கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. மூன்று பிள்ளைகளும் ஒதுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள் என்று பெயர். அவளுக்கென்று ஒரு மூலை எந்த வீட்டிலும் இல்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

எங்கள் முறையில் இருந்தபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு முறை மாறவில்லை. பட்டாசாலையில் கயிற்றுக் கட்டிலில் நாலு வருஷம் கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்து, "வயசாயிருச்சுல்ல" என்றார். அந்த நாலு வருஷத்துக்கும் அவள் பெற்ற மருத்துவ ஆலோசனை அந்த ஒரு வார்த்தைதான்.

முதியவர்களுக்கென்று ஒரு மருத்துவம் உண்டு என்பது அதற்கு முன்பே தமிழ்நாட்டில் தொடங்கியிருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கான தனிப் புறநோயாளிகள் பிரிவை ஆரம்பித்தது 1978-ல். அதே வருஷம்தான் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொடங்கியது. அதே வருஷம்தான் சாவித்திரி வைத்தி சென்னையில் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக விஸ்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். இந்த மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தன என்று பின்னாளில் தெரிந்தபோது, அப்பத்தாவின் கட்டில்தான் என் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் தொடங்கிய எதுவும் எங்கள் ஊர் வண்டிப்பாதைக்கு வந்து சேரவில்லை.

பார்த்துக்கொண்டது அம்மா. புரட்டிப் போடாவிட்டால் புண் வரும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் புண் வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. வாழை இலையை விரித்து அதன்மேல் படுக்க வைத்தாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டினாள். பகலில் பருத்திக்காட்டு வேலை. அப்பா தினமும் காலையில் கட்டிலருகே நின்று "என்னம்மா, எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். உண்மையான பாசம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மலம் அள்ளியது, புண் கழுவியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அம்மாவின் இரண்டு கைகள். அப்பத்தா போன பிறகு துட்டிக்கு வந்தவர்கள், "மகன் நல்லா வச்சுப் பாத்தான்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

அந்தக் காலத்தில் பெரியவர்களை எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள் என்று யாராவது சொல்லும்போது, சொன்னவர் ஆணா பெண்ணா என்றுதான் நான் முதலில் கவனிக்கிறேன். மருமகள்கள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் தலைக்கூத்தல் என்று ஒரு சொல்லும் இருந்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். படுத்துவிட்ட பெரியவர்களைக் குடும்பமே முடித்து வைத்த கொடுமை அது. 2020-ல் வெளிவந்த 'பாரம்' படம் அதைப் பற்றியதுதான். படம் பார்த்துவிட்டு, இப்படியெல்லாமா நடந்தது என்று என் மகன் அதிர்ந்துபோய்க் கேட்டான். கூட்டுக் குடும்பம், திண்ணை, முற்றம் எல்லாம் இருந்த அதே ஊர்களில்தான் அதுவும் நடந்தது என்று சொன்னேன்.

1991-ல் அப்பா தவறினார். அம்மாவுக்கு நான் ஒரே மகள். அடுத்த தெரு அத்தை ஒருநாள் வந்து, "மதினி, உங்களுக்குத்தான் ஆம்பளப் பிள்ளை இல்லையே, வயசும் ஆச்சுன்னா ஓ.ஏ.பி.க்கு எழுதிப் போடுங்க. உங்க மகதான் அந்த ஆபீஸ்லயே இருக்கா" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். படிவத்தின்படி அவள் சொன்னதில் பாதி சரி. நான் ஒருத்தி முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு உயிரோடு நின்றாலும் 'ஆண் வாரிசு' என்ற வரியில் அம்மாவுக்கு 'இல்லை' என்றுதான் வரும். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஆளில்லைன்னு எழுதணும்னா, எம் மக எங்க போனா?" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை எத்தனை நூறு மனுக்களில் மகள்களை நான் விட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009-ல். அந்தச் சமயத்தில் நான் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகியிருந்தேன். கோட்டாட்சியர்தான் அந்தச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பாயத் தலைவர். சுற்றறிக்கையில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு விளக்கம் இருந்தது. மகன், மகள், பேரன், பேத்தி. அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். இருபத்தைந்து வருஷமாக என் மேசையில் இல்லாத மகள் காகிதத்துக்குள் வந்துவிட்டாள்.

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம், தொண்ணூறு நாளில் முடிவு என்று சட்டம் சொன்னது. இதற்கு முன்பும் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற வரம்பு 2001 வரைக்கும் நீடித்தது. அதற்காக எந்தத் தாய் மாஜிஸ்திரேட் கோர்ட் படியேறுவாள்? புதிய சட்டத்தில் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். அந்த வரம்பை எடுக்க 2019-ல் மக்களவைக்கு ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அரிசி விலையும் மாத்திரை விலையும் எங்கேயோ போய்விட்டன, அந்த 10,000 மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு.

முன்பு மகன் இல்லை என்று சொன்னால்தான் அரசாங்கம் கேட்கும். இப்போது மகன் இருக்கிறான், சோறு போடவில்லை என்று சொல்ல வேண்டும். அதே வயதுப் பெண்கள், அதே முந்தானை முடிச்சு, அதே எட்டாக மடித்த காகிதம். ஒரு அம்மா மூன்று விசாரணைக்கு வந்தாள். வீட்டைத் தான செட்டில்மெண்டாக மகனுக்கு எழுதிக் கொடுத்தவள். தானே சித்தாள்களோடு நின்று கட்டிய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கோணிச்சாக்கு விரித்துப் படுக்கிறாள். முதல் இரண்டு தடவை அழுதுகொண்டே சொன்னாள். மூன்றாவது தடவை மகன் வந்திருந்தான். கோட்டாட்சியர் கேட்டதும், "எம் பிள்ளை நல்லா பாத்துக்கிறான் சார். நாந்தான் கோவத்துல எழுதிட்டேன்" என்றாள். கட்டியிருந்தது முதல் விசாரணைக்குக் கட்டி வந்த அதே சேலை. மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதி வாங்கியது நான். வெளியே மகன் காரை எடுத்துக்கொண்டு போனான். அவள் தயங்கித் தயங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தச் சைக்கிள் கேரியர் துண்டு ஞாபகம் வந்தது. விரித்துப் போட்டவனை இல்லை என்றார்கள், விரட்டிவிட்டவனை நல்லவன் என்கிறார்கள். இரண்டு பொய்யையும் என் கையால் எழுதியிருக்கிறேன்.

சட்டம் போட்டுப் பாசத்தை வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாசத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டைத் திருப்பிக் கேட்கிறார்கள், அதைச் சட்டத்தால் தர முடியும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம் என்கிறது 23-ஆம் பிரிவு. நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. இருந்தாக வேண்டும் என்று 2022-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் முதியவர்களுக்காக வந்தது, தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றவர்கள் எழுதிக் கொடுப்பதற்குப் பின்னால் இருக்கும் அன்பும் பாசமுமே சொல்லப்படாத நிபந்தனைதான் என்கிற அளவுக்குப் போனது. ஆனாலும் தெரிந்தவர் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். பத்திரத்தில் எழுதுங்கள். சாகும்வரை நான் இந்த வீட்டில் இருப்பேன், என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரி. அதை எழுதச் சொல்லக் கூச்சப்பட்டவர்களைத்தான் நான் அந்த ஆபீஸ் பெஞ்சில் பார்த்தேன்.

உதவித்தொகை 2011-ல் 1,000 ரூபாய் ஆனது, 2023-ல் 1,200. மணியார்டர் போய், கையடக்க மெஷினோடு ஆள் ஊருக்கு வருகிற முறை வந்தது. விரலை வைத்தால் பணம். கடைசியாக நான் பார்த்த கிராமத்தில் நாற்பது பேர் வரிசையில் ஏழெட்டுப் பேருக்கு ரேகை விழவில்லை. தீப்பெட்டிக் குச்சியும் சுண்ணாம்பும் களைக்கொத்தும் தேய்த்த விரல்கள். எண்ணெய் தடவிப் பார்க்கிறார்கள், சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். எங்கள் மை அட்டை எந்தப் பெருவிரலையும் திருப்பி அனுப்பியதில்லை. மெஷின் திருப்பி அனுப்புகிறது. "நான் நாந்தான்யா" என்று ஒரு பாட்டி அந்தப் பையனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் என்ன செய்வான், அடுத்த வாரம் வரச் சொன்னான்.

2022-ல் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டே சட்டப்படி நானும் மூத்த குடிமகள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு மூத்த குடிமக்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு எண்பத்தாறு, எனக்கு அறுபத்து மூன்று. மகன் வெளியூரில். கட்டிலிலிருந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தும்போது என் முழங்கால் இரண்டும் கத்துகின்றன. எங்கள் வீடு மட்டுமல்ல. 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-ல் பதினெட்டைத் தொடும் என்பது அரசாங்கமே போட்டிருக்கும் கணிப்பு. அறுபதைத் தாண்டியவள் எண்பதைத் தாண்டியவளைத் தூக்குகிற வீடுகள் தெருவுக்கு மூன்று இருக்கின்றன.

வீடுகள் அதற்கு ஏற்றபடி கட்டப்படவில்லை. நாங்கள் கட்டியதும் அப்படித்தான். வாசலில் நாலு படி, குளியலறையில் வழவழ டைல்ஸ், கக்கூசுக்குப் போக ஒரு அடி உயர நிலை. முப்பத்தைந்து வயதில் வீடு கட்டும்போது எண்பது வயது நினைவுக்கு வருவதில்லை. அம்மா இரண்டு முறை விழுந்த பிறகுதான் சுவரில் பிடிமானக் கம்பி போட்டேன், நிலையை இடித்தேன், சொரசொரப்பான கல் பதித்தேன், ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு வைத்தேன். கொத்தனார் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு அம்மாவின் மணிக்கட்டு எலும்பு விலையாகப் போனது. திண்ணையையும் நாங்கள் வைக்கவில்லை. தெருவைப் பார்த்து உட்கார இடமில்லாத வீட்டில், பேச ஆளில்லாமல் அம்மா டிவியிடம் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மறதியின் முதல் அடையாளம் அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பத்தாவுக்குக் கிடைக்காதது அம்மாவுக்கு நிறையக் கிடைக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. பிரஷர் மாத்திரை வீட்டு வாசலில் கிடைக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வந்து கையை நீட்டி மடக்கச் சொல்லிக் கொடுத்தார். 14567 என்று முதியோருக்கு ஒரு உதவி எண் இருக்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே ஒரு மருத்துவமனை 2024-ல் வந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். அம்மாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. ஆனால் "வயசாயிருச்சுல்ல" என்று சொல்லாத ஒரு டாக்டரை மாவட்டத் தலைநகரில் கண்டுபிடித்தேன். மறதி நோய் என்று பெயர் சொன்னார், மாத்திரையைக் குறைத்தார், எப்படிப் பேச வேண்டும் என்று என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் சொன்னார். மறுத்துப் பேசாதீர்கள், அவங்க இருக்கிற காலத்துக்கு நீங்க போங்க என்றார்.

பகலில் உதவிக்கு ஒரு அம்மா வருகிறாள். என் ஓய்வூதியத்தில் பெரும் பங்கு அவளுக்குப் போகிறது, போகத்தான் வேண்டும். ராத்திரி நான். என் தோழி ஒருத்தி தன் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். ஊர் அவளைப் பேசியது. நான் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா குளித்து, தலை சீவி, தன் வயதுக்காரி ஒருத்தியோடு தாயம் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் இருந்தன. அப்பத்தாவின் ஓலைப்பெட்டிக்கு அப்படி ஒரு இடம் எந்த மகன் வீட்டிலும் இருந்ததில்லை.

போன மாதம் சுகாதாரத் தன்னார்வலராக ஒரு புதுப் பெண் வந்தாள். பிரஷர் பார்த்துவிட்டு நோட்டை விரித்தாள். "பாட்டி, உங்களப் பாத்துக்கிறது யாரு?"

அம்மாவின் ஒரு கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மக இருக்கா" என்றாள் அம்மா. "தாலுகா ஆபீஸ்ல வேல. அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துருவா."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மகள்னு எழுதிக்கங்கம்மா" என்றேன். எழுதிக்கொண்டாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பழைய ஆபீஸ் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போகிறேன். சந்து வழியே சுற்றி வந்து முன் கேட்டைச் சத்தமாகத் திறக்கிறேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டியா தாயி, பஸ்ஸுல கூட்டமா?" என்பாள். கொஞ்சம் கூட்டம்தாம்மா என்று சொல்லிவிட்டுப் பையை அவள் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு ராத்திரிக் கஞ்சி இறங்குகிறது.